இரண்டாவது சரணம்

பெர்னிஸ் நேரில் பார்த்ததில்லை. அவளுடைய கொழுந்தன் சொன்னது. கொழுந்தனும் பார்த்ததில்லை, பாடகர் ராய்ஸ் கட்லரின் பஸ்ஸை ஓட்டுகிறவன் அவனிடம் சொன்னது. ஆனாலும், தன் சாப்பாட்டுக் கடையில் தட்டில் பீன்ஸை அள்ளி வைத்துக்கொண்டே, அந்தப் பஸ்ஸில் தானும் உட்கார்ந்து வந்தவள் மாதிரிதான் பெர்னிஸ் சொன்னாள்.

"கென்டக்கில கச்சேரி முடிச்சிட்டு ஞாயித்துக்கிழமை திரும்பி வர்றாங்க. ரேடியோல அந்தப் பாட்டு வருது. இவர் பாடினது இல்ல, டெல் பிக்கர்ட் பாடினது. பஸ்ஸ ஓரங்கட்டச் சொன்னாராம்."

"ரேடியோவப் பிடுங்கி வெளிய எறிஞ்சிருப்பாரே," என்றான் பக்கத்து நாற்காலியில் இருந்த பிடில்காரன்.

"அதான் இல்ல. வேற ஸ்டேஷன்ல அதே பாட்டு வருதான்னு தேடச் சொன்னாராம். நாஷ்வில் வந்து சேர்றதுக்குள்ள மூணு தடவை கேட்டாச்சு. கேட்டுட்டு, 'ரெண்டாவது சரணம் நல்லாருக்கு'ன்னு ஒரே ஒரு வார்த்தை. அவ்வளவுதான்."

"பிக்கர்ட் பாடினத ராய்ஸ் கட்லர் நல்லாருக்குன்னாரா? அப்ப உடம்பு சரியில்லாம இருக்கும். டாக்டர்கிட்ட காட்டச் சொல்லு."

கவுண்டர் முழுக்கச் சிரித்தார்கள். ஓப்பல் மேடக்ஸ் மட்டும் முள்கரண்டியைக் கீழே வைத்தாள். சோளரொட்டி பாதி அப்படியே கிடந்தது.

"என்ன ஓப்பல், எங்க சமையல் கசக்குதா?"

"டேப் ஒண்ண ஓட விட்டுட்டு வந்துட்டேன், பெர்னிஸ்," என்று எழுந்தாள். அப்படி எந்த டேப்பும் ஓடவில்லை.

ஓப்பலுக்கு நாற்பத்து நாலு வயது. பத்தொன்பதாவது வயதில், பதினாறு வயதுத் தம்பி வெண்டலையும் அவனுடைய கிதாரையும் இழுத்துக்கொண்டு கிழக்கு மலையிலிருந்து பஸ்ஸேறி வந்தவள். ஏழு வருஷம் சட்டைத் தொழிற்சாலையில் காலர் தைத்தாள். பிறகு கிரீர் நடத்திய பாட்டுப் பதிப்பகத்தில் டேப் அறை வேலை கிடைத்தது. எழுத்தாளர்கள் கொண்டுவரும் மாதிரிப் பதிவுகளைப் பிரதியெடுத்து, பெட்டியில் பேர் எழுதி, பாடகர்களின் ஆட்கள் வந்தால் கொடுத்தனுப்புவதுதான் வேலை. பதினெட்டு வருஷமாக அதையேதான் செய்கிறாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தம்பிதான் அவளுக்கு எல்லாம். வெண்டல் பாட்டு எழுதினான். பாட்டு விலைபோகாத மாதங்களில் வீடுகளுக்குப் பெயின்ட் அடித்தான். அந்த மாதங்கள்தான் அதிகம்.

டேப் அறைச் சுவரில் ஒரு தக்கைப் பலகை உண்டு. ஒரு பாடகர் ஒரு பாட்டைக் கேட்டு, "இது எனக்கு, நிறுத்தி வைங்க" என்று சொல்லிவிட்டால், பாட்டின் பேரையும் அவர் பேரையும் ஒரு வெள்ளை அட்டையில் எழுதி அதில் குத்துவாள். கையெழுத்து கிடையாது, முன்பணம் கிடையாது, வாய்ச்சொல்தான். அந்த அட்டை தொங்குகிற வரைக்கும் வேறு எவர் காதிலும் அந்தப் பாட்டு விழக்கூடாது. பாட்டுக் கம்பெனிகள் நிறைந்த அந்தத் தெருவில் குடிக்கிறவனை மன்னிப்பார்கள், பெண்டாட்டியை விட்டு ஓடியவனை மன்னிப்பார்கள். அட்டையை மீறியவனுக்கு மறுநாளிலிருந்து ஒருவரும் கதவு திறக்க மாட்டார்கள்.

பிப்ரவரியில் ராய்ஸ் கட்லர் பேரில் ஒரு அட்டை குத்தினாள். பாட்டு, வெண்டல் எழுதிய 'சமையலறை வெளிச்சம்'. ஒருவன் ஒவ்வொரு சாயங்காலமும் ஒரு வீட்டைக் கடந்து போகிறான். உள்ளே விளக்கடியில் ஒருத்தி நிற்கிறாள். அவ்வளவுதான் பாட்டு. கேட்டவர்கள் இன்னொரு தடவை போடச் சொன்னார்கள்.

ஆகஸ்ட் வந்தது. கட்லர் பாடவில்லை, வேண்டாமென்றும் சொல்லவில்லை. வெண்டல் நாற்பத்தோரு வயதிலும் ஏணியில் ஏறிக்கொண்டிருந்தான். அதை ஓப்பலால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. ஒரு நாள் கிரீர் சாப்பிடப் போயிருந்த நேரத்தில் டெல் பிக்கர்ட்டின் தயாரிப்பாளர் வந்து, "மெதுவா ஒரு பாட்டு வேணும், ஓப்பல். எங்கிட்ட இருக்கிறதெல்லாம் குப்பை," என்றார். கட்லரும் பிக்கர்ட்டும் ஒரே மேடையில் நிற்பதில்லை என்பது தெருவில் இருக்கும் நாய்க்குக்கூடத் தெரியும்.

ஓப்பல் பலகைக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு இழுப்பறையைத் திறந்தாள். ஸ்டுடியோவில் எடுத்த மாதிரிப் பதிவு கட்லரிடம் இருந்தது. இழுப்பறையில் மிச்சமிருந்தது, வெண்டல் அவள் வீட்டு மேஜையில் உட்கார்ந்து முதன்முதலாகப் பாடிய டேப் சுருள். அதில் இரண்டாவது சரணம் வேறு. பிறகு ஏனோ அதை அடித்துவிட்டுப் புதிதாக எழுதியிருந்தான். சரணம்தானே, எது போனால் என்ன என்று நினைத்தாள். உண்மையைச் சொன்னால், பழைய சரணம்தான் அவளுக்குப் பிடித்திருந்தது. அதைக் கொடுத்தனுப்பினாள்.

பிக்கர்ட் பதிவு செய்துவிட்டான் என்ற சேதி காதில் விழுந்ததும் கட்லர் மறுநாளே ஸ்டுடியோவுக்குள் புகுந்தான். இரண்டு இசைத்தட்டுகளும் ஒரே வாரத்தில் வந்தன. இரண்டும் விற்பனையில் ஏறின. யார் பாடியது நன்றாயிருக்கிறது என்று ரேடியோக்காரர்கள் போட்டி வைத்தார்கள். கிரீர் இரண்டு நாள் கத்தினார், மூன்றாம் நாள் விசிலடித்துக்கொண்டு வந்தார். டேப் எப்படி வெளியே போனது என்று தெருவே கேட்டது. ஓப்பலும் கூடச் சேர்ந்து கேட்டாள்.

இப்போது பெர்னிஸ் சொன்ன இரண்டாவது சரணம் அவளை மத்தியானம் முழுக்க அரித்தது. மாட்டிக்கொண்டோம் என்றுதான் முதலில் பயந்தாள். பழைய சரணம் அந்த ஒரே சுருளில்தான் இருந்தது. அது அவள் இழுப்பறையைத் தவிர வேறெங்கிருந்தும் போயிருக்க முடியாது.

பிக்கர்ட்டின் தட்டைப் போட்டுக் கேட்டாள். விளக்கடியில் நிற்கிறவளுக்கு இடது மணிக்கட்டில் பிறை மாதிரி ஒரு தழும்பு, அடுப்புக் கதவில் சுட்டது. விருந்தாளி வந்தால் அதன் மேல் நீலக் கைக்குட்டையைச் சுற்றிக்கொள்வாள். பார்த்தவன் ஒருவன்தான் என்று முடிந்தது சரணம்.

ஓப்பலின் கை தானாக அலமாரிக்குப் போனது. ராய்ஸ் கட்லரின் கிறிஸ்துமஸ் பாட்டுத் தட்டு. உறைப் படத்தில் கணப்பு, மரம், நாய், கட்லர். பக்கத்தில் அவன் மனைவி நோரீன் வெள்ளைக் கவுன் போட்டு நிற்கிறாள். இடது மணிக்கட்டில் நீலக் கைக்குட்டை.

ஓப்பல் தட்டை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுக் கிளம்பினாள்.

வெண்டல் ஆற்றோரத்தில் ஒரு பல்டாக்டரின் வீட்டுக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தான். ஏணியின் உச்சியில் இருந்தவனை, "கீழ இறங்குடா," என்றாள்.

"வேலைக்கு வந்த இடத்துல என்னக்கா? பல்லு வலியா? டாக்டர் உள்ளதான் இருக்கார்."

"யாருடைய கை அது?"

அவன் இறங்கி வந்து, தூரிகையை டப்பாவின் விளிம்பில் இருபக்கமும் நிதானமாக வழித்தான். "பாட்டுல வர்ற கைக்கெல்லாம் முகவரி கேப்பியா?"

"கிறிஸ்துமஸ் தட்ட இப்பதான் பாத்துட்டு வரேன்."

வெண்டல் தூரிகையை டப்பாவின் மேல் வைத்தான். "மூணு வருஷத்துக்கு முன்னாடி கோடைல அவங்க வீட்டுக்குப் பெயின்ட் அடிச்சேன். அவரு ஊர் ஊரா பாடப் போயிருந்தாரு. முடிஞ்சுபோன கதைக்கா. அவளே முடிச்சிட்டா. பாட்ட அவருக்குத்தான் அனுப்பப் போறாங்கன்னு தெரிஞ்சதும் பயந்துபோய் சரணத்த மாத்தினேன்." பிறகு முகத்தைத் தூக்கிப் பார்த்தான். "எந்தச் சுருளைக் குடுத்தே நீ?"



"பழசத்தான். உனக்கு ஒரு தட்டு வரணும்னுதான்டா," என்றாள்.

"வந்திருச்சே. ரெண்டு வந்திருச்சு." சிரிக்கப் பார்த்தான். "பெயின்ட் அடிக்கிறவன் தம்பி, பாட்டத் திருடுறவ அக்கா. அம்மா நம்மள நல்லாத்தான் வளத்திருக்கா."

மறுநாள் காலையில் ராய்ஸ் கட்லர் டேப் அறைக்கு வந்தான். ஆறடிக்கு மேல் உயரம். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டிருந்தான். கதவை அவனே மெல்லச் சாத்தினான்.

"சௌக்கியமா, ஓப்பலம்மா?"

"சௌக்கியம், மிஸ்டர் கட்லர். காபி?"

"வேண்டாம். ஒரு சந்தேகம் கேக்கத்தான் வந்தேன். எனக்குக் குடுத்த பாட்டுல அந்த இன்னொரு சரணம் இல்லையே. ஏன்?"

"அது பழசு. நல்லால்லன்னு தம்பி மாத்திட்டான்."

"நல்லாத்தான் இருக்கு. பதினஞ்சு வருஷமா நான் பாக்குறத அவன் என்னைவிட நல்லாப் பாத்து எழுதியிருக்கான்." குரல் ஏறவேயில்லை. மேடையில் பிரார்த்தனைப் பாட்டுக்கு முன்னால் பேசுவானே, அதே குரல்.

"பாட்டு எழுதறவங்க எங்கெங்கயோ பாத்தத ஒட்டிப் போடுவாங்க. உங்களுக்குத் தெரியாததா?"

"தெரியும். அதத்தான் அவன்கிட்டயே கேக்கலாம்னு. சனிக்கிழமை ஏரிக்கு மீன் பிடிக்கக் கூப்பிட்டிருக்கேன். படகுல உக்காந்து அந்தச் சரணத்த எனக்குச் சொல்லிக் குடுக்கட்டும். நானும் பாடணும் இல்லையா?"

பலகையின் பக்கம் திரும்பினான். "இன்னும் என் பேரு தொங்குதே." குண்டூசியைப் பிடுங்கி அதே ஓட்டையில் திரும்பக் குத்திவிட்டு, வெள்ளை அட்டையை மட்டும் மடிக்காமல் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். "இதுக்கு இனிமே வேலை இல்ல. யாரு மீறினதுன்னு நான் கேக்கல, ஓப்பலம்மா. அதனால உங்க வேலைக்கு ஒண்ணும் வராது."

அவன் போன பிறகும் ஷேவிங் லோஷன் வாசனை அறையில் நின்றது.

வெண்டலைப் போக வேண்டாமென்று அவள் கெஞ்சினாள், திட்டினாள். மலையில் இருக்கும் சித்தப்பா வீட்டுக்கு பஸ் டிக்கெட்டே வாங்கி வந்தாள். டிக்கெட்டை அவள் கைப்பையிலேயே திருப்பி வைத்தான்.

"நான் போகலன்னா அவரு வேற யார்கிட்டக்கா கேப்பாரு? வீட்டுல இருக்கிறவகிட்டத்தான கேப்பாரு?"

"அப்ப என்ன சொல்லப் போற?"

"நானா கற்பனை பண்ணின கைன்னு சொல்லுவேன். எங்க சித்தி கைன்னு சொல்லுவேன். ஏதோ ஒண்ணு. நாலு மணிக்கு ஏரிக்கரைல இருக்கிற அவரு குடிசைல இருந்து போன் பண்றேன். அங்க போன் இருக்கு, நம்பர் இந்தா." தீப்பெட்டியின் முதுகில் எழுதிக் கொடுத்தான். சனிக்கிழமை காலையில் சவரம் செய்து, தோய்த்த சட்டை போட்டுக்கொண்டு போனான். மீன் பிடிக்கப் போகிறவன் சவரம் செய்துகொள்வதை ஓப்பல் அதற்கு முன் பார்த்ததில்லை.

நாலு மணி ஆயிற்று. ஓப்பல் உருளைக்கிழங்கை உரித்தாள், வேண்டியதற்கு மேலேயே உரித்தாள். நாலரை. அக்டோபர் வெயில் சிங்க்கின் மேலிருந்து நழுவித் தரைக்கு வந்தது. ஐந்து. தீப்பெட்டியில் இருந்த நம்பருக்கு அடிக்கலாமா என்று யோசித்து, தப்பு நேரத்தில் மணியடித்து எதையாவது கெடுத்துவிடுவோமோ என்று பயந்து, கட்லரின் வீட்டுக்கு அடித்தாள்.

நோரீன்தான் எடுத்தாள்.

"டேப் அறை ஓப்பல் பேசறேன். மிஸ்டர் கட்லர் ஏரில இருந்து வந்துட்டாரா?"

"ஏரியா? அவர் விடியக்காலைலயே போயிட்டாரே. ரேடியோ ஸ்டேஷனுக்குன்னுதான் சொன்னாரு."

"மீன் பிடிக்கப் போறேன்னு சொன்னார்மா. என் தம்பிய வரச் சொல்லியிருந்தாரு."

அந்தப் பக்கம் ரிசீவரை மேஜைமேல் வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு காலடி போகிற சத்தம், ஒரு கதவு திறக்கிற சத்தம், திரும்பி வருகிற காலடி.

"தூண்டில் எல்லாம் இங்க ஆணிலயேதான் தொங்குது," என்றாள் நோரீன். "ஓப்பல், வெண்டலையா கூட்டிட்டுப் போனாரு? நேத்து ராத்திரி சாப்பாட்டு மேஜைல என் கையப் பிடிச்சு இந்தக் கைக்குட்டைய அவுத்துப் பாத்தாரு. ஒண்ணுமே சொல்லல. திரும்ப அவரே கட்டி விட்டாரு."

"போலீசுக்குச் சொல்லிடும்மா. நான் குடிசைக்கு அடிக்கிறேன்."

"போலீசுக்கு என்னன்னு சொல்றது?" என்றாள் நோரீன். "சொல்றேன். ஏதாவது சொல்றேன்," என்று நோரீனே முடித்தாள்.

ஓப்பல் தீப்பெட்டியைத் திருப்பி வைத்து ஒவ்வொரு எண்ணாகச் சுழற்றினாள். பக்கத்து வீட்டு ஜன்னலில் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. சனிக்கிழமைப் போட்டி. முதலில் கட்லர் பாடியது, பிறகு பிக்கர்ட் பாடியது, நேயர்கள் போன் செய்து சொல்லலாம். காதில் மணி போக ஆரம்பித்தது.

ஏரிக்கரைக் குடிசையை அவள் பார்த்ததில்லை. மர மேஜையில் போன் அதிர்வதையும், திறந்து கிடக்கும் கதவையும், படகுத்துறையிலிருந்து தொப்பியோடு நடந்து வரும் ஒருவனையும் அவளே நினைத்துக்கொண்டாள். வருகிறவன் வெண்டலாக இருக்கட்டும் என்று அவன் உயரத்தை மனசுக்குள் குறைத்துப் பார்த்தாள்.

ஜன்னலில் கட்லர் முடித்து, பிக்கர்ட் ஆரம்பித்தான். முதல் சரணம் போயிற்று. மணி அடித்துக்கொண்டேயிருந்தது. இரண்டாவது சரணத்தில், விளக்கடியில் நிற்கிறவள் கையைத் தூக்கினாள், பிறை மாதிரித் தழும்பு தெரிந்தது. ஓப்பல் ரிசீவரைக் காதோடு இறுக்கிக்கொண்டாள். அந்தப் பக்கம் இன்னும் யாரும் எடுக்கவில்லை.