வலப்பக்கத்து விளக்கு

பெட்டிக்கு மேலே பவள விளக்கு என்று ஒட்டிவிட்டு, உள்ளே தண்ணீர்ச் செடிக்குப் போடுகிற விளக்கை வைத்து அனுப்பிய மொத்தக் கடைக்காரரே, உம்மைத்தான் சொல்லுகிறேன். நீர் செய்தது அயோக்கியத்தனம். கலர் மீன் தொழிலில் மீன் செத்தால் தண்ணீரைக் குறை சொல்லித் தப்பிக்கலாம். பவளம் அப்படியில்லை. உட்கார்ந்த இடத்திலேயே மெல்ல மெல்லச் செத்து, விற்றவனைத் தினமும் காட்டிக்கொடுக்கும். சங்கரன்கோவிலில் டீ கிளாஸ் கழுவி, பாட்டிலில் ஃபைட்டர் மீன் விற்று, பேரம் பேசியே கடை போட்டவன் நான். என்னையே ஏமாற்றிவிட்டீர். இதைப் படிக்கிற சக மீன்கடைக்காரர்களே, உங்களுக்கும் இப்படி ஒருவன் வாய்த்திருப்பான். நடந்ததைக் கேளுங்கள்.

உப்பு

எனக்கு முதன்முதலாகப் பவளத் தொட்டி ஆர்டர் கொடுத்தவர் விசைத்தறி வைத்திருக்கும் ஒரு அண்ணாச்சி. துபாயில் மகனைப் பார்க்கப் போனவர், அங்கே ஒரு ஹோட்டலில் தொட்டியைப் பார்த்து ஆசைப்பட்டுவிட்டார். "தூத்துக்குடியில ஆள் இருக்கான் வே, கடல்லயே எடுத்துத் தாரேங்கான்" என்று ஆரம்பித்தார். நம் கடலில் கை வைத்தால் ஜெயில் என்று கத்தி, இறக்குமதிக் காகிதத்தோடு வரும் மென்பவளத்துக்குச் சம்மதிக்க வைத்தேன்.

அடுத்து உப்பு. தொட்டிக்கென்று வாளியில் வரும் உப்பின் விலையைச் சொன்னதும் அண்ணாச்சி எழுந்து நின்றுவிட்டார். சமையல் உப்பில் பவளத்துக்கு வேண்டிய கால்சியமும் மெக்னீசியமும் இருக்காது என்று தொண்டை வற்ற விளக்கினேன். முழுசும் கேட்டுவிட்டுச் சொன்னார்: "ஏன் வே, உப்பளத்து உப்பும் கடல்ல இருந்துதான வருது? உம்ம உப்பு என்ன, வானத்துல இருந்து குதிச்சுதா?"

நீலம்

நாலடித் தொட்டிக்கு இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று என இரண்டு விளக்கு. தறியில் அறுந்த நூலைக் கண்டுபிடிக்க வெள்ளை வெளிச்சம் வேண்டும். அதே பழக்கத்தில் தொட்டிக்கும் பளீர் வெள்ளை கேட்டார் அண்ணாச்சி. பவளத்தின் உடம்புக்குள் ஒரு பாசி இருக்கிறது, அது முக்கியமாக நீல வெளிச்சத்தில்தான் சமைத்துப் போடும், நம் கண்ணுக்காக விளக்கு இல்லை என்று சொல்லி நீலத்தைக் கூட்டி வைத்தேன். மறுநாள் சாயங்காலம் அண்ணாச்சி மனைவியிடமிருந்து போன். மதினி சொன்னது: "தம்பி, வாசல்ல ஒருத்தன் நின்னு, ஏசி பார் எப்ப திறப்பீயன்னு கேட்டுட்டுப் போறான்."

சூடு

சித்திரை வெயிலில் தொட்டித் தண்ணீர் கஞ்சி மாதிரி ஆகிவிட்டது. சின்ன ஃபேன் போதும் என்று அண்ணாச்சி, தண்ணீரைக் குளிர வைக்கிற சில்லர் மெஷின் வேண்டும் என்று நான். ஒரு வாரச் சண்டை. கடைசியில் வாங்கினார். வாங்கியவர் அதைத் தன் நாற்காலிக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டார். தண்ணீரில் எடுக்கிற சூட்டை அது வெளியேதானே தள்ளும்? "பவளத்துக்குக் கொடைக்கானல், எனக்குச் செங்கச்சூளை. நல்லா இருக்கு வே உம்ம யாவாரம்."

எட்டிப் பார்த்தவை

இரண்டாம் மாசம் மதினி கூப்பிட்டாள். இடப்பக்கத்துப் பவளங்கள் விரிந்து சிரிக்கின்றன. வலப்பக்கத்தில் இருப்பவை வெளுத்து, காம்பு நீண்டு, மொத்தமும் இடப்பக்கம் சாய்ந்து நிற்கின்றன. "இந்தப் பக்கத்துப் பிள்ளைக எல்லாம் பஸ் வருதான்னு பாக்க மாதிரி எட்டி எட்டிப் பாக்குது தம்பி" என்றாள். வலது விளக்கைக் கழற்றி வெள்ளைத் தாளுக்கு மேல் எரியவிட்டேன். வரிசையாக நீலம் இருக்க வேண்டிய இடத்தில் சிவப்பும் பச்சையும். இடது விளக்கின் நீலம் தொட்டி முழுக்கப் பரவி இத்தனை நாள் என் கண்ணைக் கட்டியிருக்கிறது.

கடைக்கு வந்து மொத்தக் கடைக்காரருக்குப் போன் போட்டுக் கத்திய கத்தில் பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரர் ஓடி வந்துவிட்டார். விளக்கு வாங்கிய அன்று ஒரு மணி நேரம் பேரம் பேசியிருந்தேன். அவர் திடீரென்று விலையில் இறங்கி வந்ததும் மீசையை முறுக்கிக்கொண்டேன். அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். இப்போது அவர் நிதானமாகச் சொன்னார்: "அண்ணே, நீங்க அடிச்ச விலைக்கு ரெண்டுல ஒண்ணுதாண்ணே ஒரிஜினல் வரும்."

விருந்தாளிகள்

இன்னும் சில வாரம் விட்டால் அண்ணாச்சியின் பாதித் தொட்டி போய்விடும். என் கடையில் காட்சிக்கு வைத்திருந்த பவளத் தொட்டியின் விளக்கைக் கழற்றிக் கொண்டுபோய் மாட்டினேன். எடுத்த எடுப்பில் முழு வெளிச்சம் விட்டால் பொசுங்கிவிடும். தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினேன். என்னுடைய பவளங்களை இருட்டில் விட முடியுமா? வாளியில் தூக்கிப்போய் அவர் தொட்டியிலேயே குடியேற்றினேன்.

ஒரு மாசத்தில் வலப்பக்கம் காம்பை இறக்கி, நிறம் பிடித்து, வட்டம் வட்டமாக விரிந்தது. மதினி கொடுத்த காப்பியோடு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். சத்தியமாகச் சொல்லுகிறேன், இந்தத் தொழிலில் வயிறு நிறைந்த நாள் அதுதான். இப்போது பவளம் கேட்டு வருகிறவர்களை அண்ணாச்சி வீட்டுக்கே கூட்டிப்போகிறேன். உப்பு வாளியின் அருமையைப் பற்றி எனக்கு முன்னால் அவரே பேசிவிடுகிறார். புது விளக்கு வந்ததும் என் பவளங்களை எடுத்துக்கொள்கிறேன் என்று சொன்னபோது மதினி காப்பி டம்ளரை வாங்கிக்கொண்டே சொன்னாள்: "அதுக இங்கன கல்லுல ஒட்டிக்கிடுச்சு தம்பி. நீ வேற வாங்கிப் போட்டுக்கோ."

விலையைக் குறைக்கச் சொன்னேனே தவிர விளக்கைக் குறைக்கச் சொல்லவில்லை என்பதால், மொத்தக் கடைக்காரரே, காலியாகக் கிடக்கும் என் கடைத் தொட்டிக்கு இப்போதாவது அசல் விளக்கை அனுப்பிவிட்டு, அதற்கு வண்டிக்கூலி யார் தருவது என்று பேச போனை எடும்.