பிடிபட்டவர்களுக்கு மீன்கறி

வலியதுறைக் கடற்கரையில் ஒரு விசைப்படகைக் கட்டிப் போட்டிருக்கிறார்கள். கரையோரம் வந்து இந்த ஊர் மீனவர்களின் வலைகளை அறுத்த படகு அது. முதலாளி நஷ்டஈட்டோடு வரும்வரை படகையும் விடமாட்டார்கள், அதில் வந்த ஆட்களையும் விடமாட்டார்கள். இங்கே அதுதான் வழக்கம். போலீஸ்காரர் ஒருவர் நிழலில் நின்று கடலை கொறிக்கிறார்.

டீக்கடை டிவியில், சோமாலியக் கடற்கொள்ளையர் ஒரு கப்பலை ஆட்களோடு பிடித்து வைத்திருக்கும் செய்தி. கோட்டு போட்ட ஒருவன் “காட்டுமிராண்டிகள்” என்கிறான். அந்தக் கடலில் அயல்நாட்டுக் கப்பல்கள் மீனை வழித்துக்கொண்டு போனதைப் பற்றி அந்தத் தடியன் வாயே திறக்கவில்லை.

மீன் விற்கும் மேரி, பிடிபட்டவர்களுக்குக் கஞ்சியும் மீன்கறியும் கொண்டுவருகிறாள்.

“என்ன சேச்சி, நீங்களும் கொள்ளைக்காரங்கதானா?” என்று வாயை விடுகிறேன்.

“பின்னே இல்லாம? இவிட மீன் இல்லேன்னுதான் எங்க வீட்டு ஆளு கப்பல் வேலைக்குப் போச்சு. டிவியில காட்டுறது அந்தக் கப்பலாக்கும், சாரே.”

நான் டிவியைத் திரும்பிப் பார்க்கிறேன்.

அவள் ஒருவன் தட்டில் இன்னொரு மீன்துண்டைப் போடுகிறாள். “தின்னுடா, வலைய அறுத்த நாயே. அங்க எங்க ஆளுக்கும் எவளாவது திட்டிக்கிட்டே சோறு போடட்டும்.”