பதினெட்டுக் கேண்டிலும் ஓர் அண்டாக் கஞ்சியும்

விக்கிரமசிங்கபுரத்தில் நூல் மில்லுக்குப் பின்னால் இருக்கும் தெருவில், தண்ணீரைப் பற்றிப் பிரம்மநாயகியிடம் யாரும் எதிர்ப்பேச்சு பேசுவதில்லை. பேசிப் பார்த்தவர்கள் உண்டு. கேன் தண்ணீருக்கு வாடிக்கை பிடிக்க வந்த ஓர் ஆள் அவள் வாசலில் அரைமணி நேரம் நின்று தொண்டை வறண்டுபோய், கடைசியில் அவள் வீட்டு பில்டரிலிருந்தே ரெண்டு டம்ளர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார். "தாமிரபரணி நம்ம ஊருக்குள்ள ஓடுது. அதை வடிகட்டிக் குடிக்கத் தெரியாதவன்தான் கேன் வாங்கணும்" என்பது அவள் கட்சி.

வயது ஐம்பத்தொன்று. மில்லில் வைண்டிங் பிரிவில் இருபத்து நாலு வருஷம் நின்றவள். ஓடுகிற நூலில் எங்கே தடிப்பு, எங்கே மெலிவு, எது அறப்போகிறது என்று விரல் நுனியால் கண்டுபிடிப்பதுதான் அங்கே அவள் வேலை. முட்டி தேய்ந்துபோய், போன வருஷம் வேலையை விட்டாள். கால்தான் ஓய்ந்தது, விரலும் ஓயவில்லை, வாயும் ஓயவில்லை. கணவர் பெருமாள்ராஜ் மினிபஸ் கண்டக்டர். பஸ்ஸில் ஐம்பது பேரை அதட்டுகிற மனிதர், வீட்டுக்குள் வந்தால் பில்டர் பக்கம் கையைக் கொண்டுபோக மாட்டார்.

அந்த எவர்சில்வர் பில்டர் இருபது வருஷத்துக்கு முன்னால் தீபாவளிச் சீட்டில் வந்தது. மேல் அடுக்கில் சுட்ட வெள்ளை மண்ணால் ஆன ரெண்டு கேண்டில். ஊற்றிய தண்ணீர் அதற்குள் ஊறிச் சொட்டுச் சொட்டாகக் கீழ் அடுக்கில் இறங்கும். கேண்டிலைக் கழுவும் வித்தையை யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை. கெடுத்துக் கெடுத்துத்தான் கற்றாள். முதல் ஜோடியைப் பாத்திரச் சோப்பு போட்டுத் தேய்த்தாள். மண் அத்தனை சோப்பையும் குடித்து வைத்துக்கொண்டு ஒரு வாரம் பைய விட்டது. அந்த வாரம் காப்பியை ஆற்றாமலே நுரை வந்தது என்று பெருமாள்ராஜ் இன்றைக்கும் சொல்லிக் காட்டுவார். அடுத்த ஜோடியைக் கொதிக்கக் கொதிக்க எடுத்துப் பச்சைத் தண்ணீரில் போட்டாள், படீரென்று பிளந்துகொண்டது. அதற்கடுத்ததில் நட்டைப் பலம் கொண்ட மட்டும் முறுக்கினாள், கழுத்து முறிந்தது.

அதற்குப் பிறகு பிழையே கிடையாது என்று அவள் நினைத்திருந்தாள். பழைய மெத்தென்ற டூத் பிரஷ், ஓடுகிற தண்ணீர், வேறு ஒன்றும் வேண்டாம். பழுப்புப் படலம் போய் வெள்ளை தெரியும் வரை தேய்ப்பாள். பிறகு கேண்டிலைத் தண்ணீருக்குள் முக்கிப் பிடித்து, அதன் அடியில் நீண்டிருக்கும் குழாய்முனையில் வாய் வைத்து ஊதுவாள். நல்ல கேண்டில் என்றால் கன்னம்தான் உப்பும். ஓரிடத்தில் மட்டும் குபுகுபுவென்று குமிழி வந்தால் அங்கே கீறல், அது குப்பைக்கு. தேறியதை வெறும் தண்ணீரில் கால்மணி நேரம் கொதிக்கவைத்து, அந்தத் தண்ணீரிலேயே ஆறவிடுவாள். தேய்க்கத் தேய்க்கக் கேண்டில் இளைக்குமே, அதை அளக்க மகள் சின்னதில் போட்டிருந்த பிளாஸ்டிக் வளையல் ஒன்று சமையலறை ஆணியில் தொங்கும். அந்த வளையலுக்குள் கேண்டில் சிக்காமல் நுழைந்துவிட்டால் அதன் ஆயுள் முடிந்தது.

இந்தக் கெட்டிக்காரத்தனம் தெருவுக்குத் தெரிந்து, மெல்ல மெல்ல ஒன்பது வீட்டுக் கேண்டிலும் மாசம் ஒருமுறை அவள் வீட்டுக்கு வர ஆரம்பித்தது. மாறிப்போகாமல் இருக்க ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு நிற நூல், மில் நூல், குழாய்முனையில் கட்டியிருக்கும். நீல நூல் அடுத்த வீட்டுக் கோமுவுடையது.

இந்த ஆடியில் கோமுவின் கேண்டில் வெறும் கேண்டிலாக வரவில்லை. அவள் வீட்டுக்காரர் வன்னியராஜ் மஞ்சள்காமாலை கண்டு பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து, கண்ணில் மஞ்சள் முழுதாக வடியாமலே வீடு திரும்பியிருந்தார். வடிகட்டிக் கொதிக்கவைத்த தண்ணீர் மட்டும்தான், மறுபடி வந்தால் ஈரல் தாங்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார். கேண்டில் ரெண்டையும் கோமு நீட்டினாள்.

"எக்கா, உன்னைய நம்பித்தான் குடுக்கேன்."

"நீ போய் உம் மாப்பிள்ளையப் பாரு. என் கை பட்ட தண்ணி ஆளை எழுப்பி உக்கார வைக்கும்."

பிரம்மநாயகி அப்படித்தான் சொல்வாள். சொன்னதைச் செய்தும் காட்டுவாள். ஆனால் அன்றைக்கு அம்மன் கோயில் கொடைத் திருவிழா. பதினெட்டுக் கேண்டிலையும் தேய்த்து, ஊதிப் பார்த்து, கொதிக்கவைக்க அடுப்பைப் பற்றவைத்தால் சிலிண்டர் காலி. கோயில் பந்தலிலோ அடுப்பு ஒன்றுகூட ஒழியவில்லை; மூன்று வட்டையில் சோறு வெந்துகொண்டிருந்தது. வடித்த கஞ்சி மட்டும் மாட்டுக்கென்று ஓர் அண்டா நிறையத் தளதளத்துக்கொண்டு ஓரமாக இருந்தது.

கொதிப்பு கொதிப்புதானே என்று அவளுக்குத் தோன்றிற்று. வெறும் தண்ணீரை விடக் கஞ்சி சூட்டை நெடுநேரம் தாங்கும். விறகு மிச்சம், நேரம் மிச்சம். பதினெட்டையும் ஒரு துவைத்த வேட்டியில் மூட்டையாகக் கட்டி அண்டாவுக்குள் இறக்கினாள். பந்திக்கு இலை போடும் அவசரத்தில் யாரும் அதைக் கவனிக்கவில்லை. சாயங்காலம் எடுத்துக் கழுவி, நூல் பார்த்து, ஒன்பது வீட்டிலும் மாட்டிக் கொடுத்துவிட்டு வந்தாள். சேலைக்குக் கஞ்சி போட்டு முறுக்காகக் கட்டுகிறவள். கஞ்சி ஏறிய துணியில் காற்றுகூட நுழையாது என்று தெரிந்தவள். யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். இந்த யானை தானே கஞ்சியைக் கொட்டி அதில் சறுக்கியது.

மறுநாள் மலையில் நல்ல மழை. ஆற்றில் புதுவெள்ளம் வந்து, குழாயில் டீ நிறத்தில் தண்ணீர் வந்தது. வியாழக்கிழமை காலையில் தெருவே கூடிவிட்டது. ஒன்பது வீட்டிலும் விடிய விடியச் சொட்டியது அரை டம்ளர்தான்.

"புதுவெள்ளம் அடைச்சிருக்கு" என்றாள் ஒருத்தி. "இந்த வருசம் சேறு சாஸ்தி" என்றாள் இன்னொருத்தி. பிரம்மநாயகியும் அப்படித்தான் நினைத்தாள். அப்போது கோமு ஒரு டம்ளரைக் கையில் பொத்திக்கொண்டு வந்தாள்.

"எக்கா, இதை மோந்து பாரு. அவருக்குக் குடுக்கக் கொதிக்க வச்சேன். பழைய சோத்துப் பானையத் தொறந்த மாதிரி அடிக்கி. பில்டர்ல இருந்து நீராகாரம் வருதுக்கா."

கூட்டம் சிரித்தது. பிரம்மநாயகி சிரிக்கவில்லை. மோந்தாள். ஒரு சொட்டைத் தொட்டுக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் உருட்டினாள். நூலில் மெலிவு கண்ட விரல். வழவழப்பு உடனே தெரிந்துவிட்டது. அது கஞ்சியின் வழவழப்பு.

"புதுத்தண்ணி வாடைதானக்கா?" என்று யாரோ கேட்டார்கள். ஆமாம் என்றால் முடிந்தது. ஒன்பது வீடும் நம்பும், பழி ஆற்றோடு போகும், இருபது வருஷப் பேர் அப்படியே நிற்கும். அவள் வாய் திறந்தும்விட்டது. எதிரே கோமு, பதில் வந்ததும் போய்ச் சுடவைத்து அவருக்குக் கொடுக்கத் தயாராக, டம்ளரைத் திரும்ப வாங்கக் கையை நீட்டிக்கொண்டு நின்றாள்.

"இல்ல. இது புதுத்தண்ணி இல்ல. நாந்தான் கெடுத்தேன். சிலிண்டர் தீந்துபோச்சுன்னு எல்லாத்தையும் கொடைக் கஞ்சியில போட்டு எடுத்தேன். கஞ்சி கேண்டிலுக்குள்ள எறங்கிப் புளிச்சுப்போச்சு. ஒருத்தரும் இதைக் குடிக்காதீங்க."

கோமுவின் முகம்தான் முதலில் மாறியது.

"அந்த மனுசனுக்கு இதையா குடுக்க இருந்தேன்? நீ சொன்னேன்னுதான நான் கண்ண மூடிக்கிட்டு மாட்ட விட்டேன்?" டம்ளரைக்கூட வாங்காமல் போய்விட்டாள்.

பிரம்மநாயகிக்கு அழுகை முட்டியது. ஆனால் அழுதால் பதினெட்டுக் கேண்டிலும் சுத்தமாகிவிடாது. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "கெடுத்தவ நான். சரி பண்ணப்போறவளும் நான். எல்லாரும் கழட்டிக் கொண்டாங்க. அதுவரைக்கும் குழாத்தண்ணியத் தெளியவச்சு, துணியில வடிச்சு, நல்லாக் கொதிக்கவச்சுக் குடிங்க" என்றாள். கோமு வீட்டுப் பில்டரைத் தானே போய்க் கழற்றி வந்தாள். கோமு தடுக்கவுமில்லை, திரும்பிப் பார்க்கவுமில்லை.

முற்றத்தில் கல் கூட்டி விறகடுப்பு மூட்டினாள். தேய்த்தாள், கொதிக்கவைத்தாள், அந்தத் தண்ணீரைக் கொட்டினாள். கஞ்சி முழுதும் போயிற்றா என்று எப்படித் தெரிவது? மூக்கை நம்பலாம், ஆனால் மூக்கை நம்பித் தெரு இனி வராது. அப்போதுதான் மகள் பத்தாம் வகுப்பில் வீடே அதிர உருப்போட்ட பாடம் நினைவுக்கு வந்தது: மாவுச்சத்து இருந்தால் அயோடின் பட்டதும் கருநீலமாகும். காயத்துக்குப் போடுகிற அயோடின் குப்பி அலமாரியில் இருந்தது. கொதித்த தண்ணீரைக் கொஞ்சம் எடுத்து, நன்றாக ஆறவைத்து, ஒரு வெள்ளைக் கிண்ணத்தில் ஊற்றி ஒரு சொட்டு விட்டாள். நாவல்பழம் நசுக்கின மாதிரி கறுத்தது.

மறுபடி தேய்த்து மறுபடி கொதிக்கவைத்தாள். நீலம். மூன்றாம் முறை நீலம் தெரிந்தும் தெரியாமலும் இருந்தது. பெருமாள்ராஜ் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்து பார்த்துவிட்டு, விறகு பிளந்து போட்டுவிட்டுப் பஸ்ஸுக்குப் போனார். நாலாவது கொதிப்பில் சொட்டு விழுந்தது. பழுப்பு பழுப்பாகவே நின்றது. சுற்றி நின்ற பெண்கள் கையைத் தட்டினார்கள். பிரம்மநாயகி வளையலை எடுத்து ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்தாள். அத்தனை தேய்ப்பில் ஒன்றே ஒன்று இளைத்துப்போயிருந்தது, நீல நூல் கட்டியது. தன் கேண்டிலில் நல்லதாக ஒன்றை எடுத்து அந்த நீல நூலை அதில் கட்டினாள்.

கோமு வீட்டுக்குக் கிண்ணத்தோடும் குப்பியோடும் போய், கட்டிலில் கிடந்த வன்னியராஜுக்குத் தெரியும்படி மறுபடி ஒரு சொட்டு விட்டுக் காட்டினாள்.

"மதினி, டாக்டர் எண்ணெய் ஆகாதுன்னுதான் சொன்னாரு. கஞ்சி ஆகாதுன்னு சொல்லலயே" என்றார் அவர், மெலிந்த குரலில். பிரம்மநாயகிக்குச் சிரிப்பு வந்தது. கோமுவுக்கு வரவில்லை. கேண்டிலை வாங்கி அலமாரியின் மேல்தட்டில் வைத்தாள், பில்டரில் மாட்டவில்லை.

அடுத்த மாசம் ஏழு வீட்டுக் கேண்டில் வந்தன. கேலியும் சேர்ந்து வந்தது. "எக்கா, இந்த மட்டம் ரசத்துல போடுதியா, சாம்பார்லயா?" என்றார்கள். அவளும் சளைக்கவில்லை: "உங்க வீட்டுக் கேண்டில பாயசத்துல போடுதேன், போதுமா?" பில்டருக்கு மேலே சுவரில் கரிக்கட்டியால் பெரிதாக எழுதியும் வைத்துவிட்டாள்: சோப்பு கூடாது, சூட்டோடு பச்சைத் தண்ணீர் கூடாது, கஞ்சி கூடவே கூடாது. ஆனால் கை தேய்த்துக்கொண்டிருந்தாலும் காது அடுத்த வீட்டுக் கதவில் இருந்தது. அந்த நீல நூல் வராதது வலித்தது; ஊரே ஏசியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

கடைசி ஜோடியைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது நிழல் விழுந்தது. மஞ்சள் பையோடு கோமு நின்றாள். வன்னியராஜ் முந்தின நாள்தான் தெருமுனை வரை நடந்து போயிருந்தார். பையிலிருந்து நீல நூல் கட்டிய கேண்டில் ரெண்டை எடுத்து வைத்தாள். பிறகு, மருந்துக்கடைத் தாள்கூடப் பிரிக்காத புது அயோடின் குப்பி ஒன்றை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள்.

"எக்கா, முன்ன உன்னைய நம்பிக் குடுத்தேன். இனிமே நம்பிக் குடுக்கமாட்டேன். பாத்துத்தான் குடுப்பேன்."

பிரம்மநாயகி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். கோபம் வரும் என்று எதிர்பார்த்த இடத்தில் அவளுக்கு மனசு நிறைந்தது.

"அதுதாம்ளா சரி. இத்தன வருசத்துல ஒருத்தியாவது இப்படிக் கேட்டிருந்தா நான் அண்டாப் பக்கமே போயிருக்கமாட்டேனே. நீ இங்கன உக்காரு" என்று நகர்ந்து இடம் விட்டு, இன்னொரு பிரஷை அவள் கையில் கொடுத்தாள்.

கோமு தேய்த்தாள். தண்ணீருக்குள் முக்கிக் கன்னம் உப்ப ஊதினாள். வளையலை மாட்டிப் பார்த்தாள். கொதித்த தண்ணீர் ஆறும் வரை ரெண்டு பேரும் வன்னியராஜுக்கு வாய்க்கு ருசியாக என்ன ஆக்கிப் போடலாம் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். ஆறியதும் கோமு கிண்ணத்தில் ஒரு சொட்டு விட்டாள். தலையோடு தலை முட்டக் குனிந்து பார்த்தார்கள். பழுப்பாகவே இருந்தது. பிரம்மநாயகி திருப்தியோடு நிமிர்ந்தாள். கோமு நிமிரவில்லை, இன்னொரு சொட்டும் விட்டுப் பார்த்தாள்.