கம்ப்யூட்டர் தமிழுக்கு மாறிய நாள்

ஆறாம் வகுப்பிலேயே நானும் பள்ளிக்கூடமும் ஒருவரை ஒருவர் கைவிட்டுவிட்டோம். அப்படிப்பட்ட நான் திருவனந்தபுரம் ஆரியசாலையில் ஓர் அச்சகத்தில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தேன் என்றால் ஊரில் யாரும் நம்பவில்லை. முதல் வாரம் நானும் நம்பவில்லை.

என்னை எடுத்தது பேப்பர் வெட்டும் மெஷினுக்குத்தான். தமிழில் கல்யாணப் பத்திரிகை அடிக்க ஆள் கிடைக்காமல் மலையாளி முதலாளி என்னைத் தூக்கி அங்கே வைத்தார்.

"எடா, சரியா செய்தா கசேரை உனக்கு. இல்லெங்கில் திரும்ப மெஷின், கேட்டோ?" என்றார்.

அந்த நாற்காலிக்காக எதையும் செய்திருப்பேன். இங்கிலீஷ் படிப்பதைத் தவிர.

கிழக்கேகோட்டையில் மலையாள போர்டு வாசிக்கத் தெரியாத நம் ஆட்கள், பஸ் நிற்கிற இடத்தைப் பார்த்தே ஏறிப் போவார்கள். நானும் கம்ப்யூட்டரில் அப்படித்தான் ஏறினேன். இங்கிலீஷ் பட்டியலைத் திற, கடைசி வரிக்குப் போ, அதற்குள் முதல் வரியைத் தட்டு: பத்திரிகை அடிக்கும் வெள்ளைப் பக்கம் வந்துவிடும். என்ன எழுதியிருந்தது என்று நான் அதைக் கேட்கவில்லை, அதுவும் என் படிப்பைக் கேட்கவில்லை.

ஆனால் வாய் சும்மா இருக்குமா? "தமிழ்ல மட்டும் இருந்தா நான் பறப்பேன் முதலாளி" என்று தினமும் பீற்றிக்கொண்டிருந்தேன். ஆரியசாலைத் தமிழ் வியாபாரிகளை இழுக்கலாம் என்று அவருக்கும் ஆசை வந்தது. ரிப்பேர்காரர் ஒரு நாள் சீடியைப் போட்டுத் தமிழ்மொழிப் பொதியை ஏற்றிவிட்டுப் போனார். மறுநாள் காலை, மகள் கல்யாணப் பத்திரிகைக்கு எழுதிய தாளோடு மொத்தக்கடை அண்ணாச்சி ஒருவரை முதலாளி அழைத்து வந்தார். திரை முழுக்கத் தமிழ். எனக்கே கண் கலங்கியது.

"போடுடே, பாப்போம்" என்றார் அண்ணாச்சி.

கடைசி வரி, முதல் வரி. தட்டினேன். திரையில் சீட்டுக்கட்டு விரிந்தது.

"ஏடே, கல்யாணப் பத்திரிகை கேட்டா சீட்டு வெளையாடக் கூப்பிடுத!"

பக்கத்து கம்ப்யூட்டரில் மலையாளம் அடிக்கும் சேச்சி எட்டிப் பார்த்தார். "எடா, பேரு தமிழாகும்போ அட்சரவரிசையும் மாறும். வாயிச்சு நோக்கு."

வாசித்தேன். அலுவலகம், இணையம், துணைக்கருவிகள், வரைகலை, விளையாட்டுகள். எழுத்துக் கூட்டி எல்லாம் வந்தது. எது என் வெள்ளைப் பக்கம் என்றுதான் வரவில்லை. கல்யாணப் பத்திரிகை அலுவலகத்துக்குள் இருக்கும் என்று எவன் கண்டான்? சீட்டுக்கட்டை முதலில் மூடலாம் என்று அதே பட்டியலில் "வெளியேறு" என்பதைத் தட்டினேன். ஏதோ கேட்டது, "ஆம்" என்றேன். மரியாதையாகக் கேட்டால் இல்லை என்று சொல்லிப் பழக்கமில்லை. கம்ப்யூட்டர் மொத்தமாக என்னை வெளியே தள்ளிவிட்டு, பெயரென்ன என்று கேட்டு நின்றது.

அண்ணாச்சி கையில் இருந்த தாளை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார். "இவன் தமிழன்தானா?" என்று முதலாளியிடம் கேட்டார்.

சேச்சி வந்து ஒரு நிமிடத்தில் இங்கிலீஷுக்கு மாற்றினார். தமிழ் எழுத்துகளை உருவம் பார்த்து அடிக்க அந்த மாதமே பழகியும்விட்டார். நாற்காலி அவருக்குப் போனது, மெஷின் எனக்கு வந்தது. அவர்மேல் எனக்குக் கோபமில்லை என்று வெளியே சொல்லிக்கொண்டேன்.

தமிழை மட்டும் முதலாளி விடவில்லை. தமிழ் வியாபாரி யாராவது வந்தால் திரையைத் தமிழுக்கு மாற்றச் சொல்வார். எது எதற்கு என்று சேச்சிக்குத் தெரியும், தமிழில் வாசிக்கத்தான் வராது. உடனே உள்ளே முதலாளியின் குரல் வரும்: "எடா, வா, வாயிச்சுக் கொடு."

பேப்பர் தூசியைத் தட்டிக்கொண்டு போய் நிற்பேன். "முன்னிருப்பு" என்று கணீரென்று வாசிப்பேன்.

"அப்படின்னா என்னது டே?"

"அத சேச்சிகிட்ட கேளுங்க அண்ணாச்சி" என்பேன்.

எல்லாரும் சிரிப்பார்கள். சிரித்து முடிக்கும்வரை நின்று, பிறகு மெஷினுக்குப் போவேன்.