உள்பக்கத்துப் பட்டன்

இதை நம்பாதவர்கள் என் வலக்கை ஆள்காட்டி விரலைப் பார்க்கலாம். நுனித் தோல் இன்னும் வேறு நிறம்தான். எனக்குக் கதை கட்ட வராது. கண்டியில் கம்ப்யூட்டர் திருத்துகிற ஆள் நான்.

கலகெதரவில் ஹலீம் நானாவுக்குக் கோழியிறைச்சி வைக்கிற பெரிய குளிர் அறை ஒன்று இருக்கிறது. அதன் பூட்டு, விளக்கு எல்லாம் வெளியே மேசையில் இருக்கும் கம்ப்யூட்டரின் பொறுப்பு. கொஞ்ச நேரம் யாரும் தொடாவிட்டால் அது தூங்கிவிடும். தூங்கினால் கதவு பூட்டியபடியே நின்றுவிடும். அறைக்குள் இருக்கும் இரும்புப் பட்டனை அழுத்தினாலும் கம்ப்யூட்டர் எழும்பாது. அதைத் திருத்தத்தான் என்னைக் கூப்பிட்டார்.

போன பெப்ரவரி, ஒரு வெள்ளிக்கிழமை. பகல் 12.10. நானா ஜும்ஆ தொழுகைக்குப் போய்விட்டார். எது எது கம்ப்யூட்டரை எழுப்பலாம் என்று ஒவ்வொன்றாகச் சோதிக்க வேண்டும். அதனால் முதலில் எல்லாவற்றின் அனுமதியையும் நிறுத்தினேன். சோதனைக்காக இரண்டே நிமிடத்தில் தூங்கும்படியும் வைத்தேன். பிறகு பட்டனின் வயரைப் பார்க்க உள்ளே போனேன். போன் மேசையிலேயே இருந்தது.

கதவு பின்னால் தானாகச் சாத்திக்கொண்டது.

12.16. டக்... பூட்டு விழுந்தது. விளக்கும் அணைந்தது.

என் முட்டாள்தனம் அப்போதுதான் புரிந்தது. பட்டனை அழுத்திப் பயனில்லை. அதன் வாயை அடைத்தவனே நான். மைனஸ் பதினெட்டு டிகிரி, உடம்பில் மெல்லிய சட்டை. நானா திரும்பி வர ஒன்றரை மணியாகும். அதுவரை தாங்க மாட்டேன். கத்தினேன், உதைத்தேன். அந்தத் தடித்த சுவரைத் தாண்டி எதுவும் போகவில்லை.

இருட்டில் ஒளிரும் கைக்கடிகாரத்தில் 12.39. விரல்கள் மரத்துவிட்டன.

அறையின் கோடியில் ஒரு சத்தம்.

சரக்... சரக்... செருப்பை இழுத்து நடக்கிற சத்தம்.

நான் மட்டும்தானே உள்ளே வந்தேன்?

சரக்...

என் முதுகுக்குப் பின்னால் நின்றது.

ஒரு கை என் கையைப் பிடித்தது. ஈரமான, சூடான கை. அந்தக் குளிரிலும் சூடு.

என் விரலைப் பட்டனில் வைத்து அழுத்தியது. மறுபடி. மறுபடி. இழுத்தேன்... விடவில்லை.

டக்.

கதவு திறந்தது. அப்போதும் விடவில்லை. பிய்த்துக்கொண்டு வெளியே விழுந்தேன். விரல் தோல் பட்டனிலேயே ஒட்டிக்கிடந்தது.

12.44. கம்ப்யூட்டர் விழித்திருந்தது. திரையைப் பார்த்தேன். பட்டனின் அனுமதி, நான் நிறுத்தியது நிறுத்தியபடியே இருந்தது.

தொழுதுவிட்டு வந்த நானா என் விரலைப் பார்த்தார். என்ன நடந்தது என்று கேட்கவில்லை. கதிரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். போன வருடம் ஒரு வியாழன் ராத்திரி, தெல்தோட்டையைச் சேர்ந்த சின்னமுத்து என்ற வேலையாள் அந்த அறைக்குள் மாட்டிக்கொண்டாராம்.

"ஏன் நானா முன்னுக்கே சொல்லல?"

"சொன்னா நீங்க வருவீங்களா தம்பி?"

தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார்.

"வெள்ளி காலைல கதவத் தொறந்தா, சுவத்துல சாஞ்சபடியே உசிர் போயிருந்திச்சி. பட்டன்ல இருந்து அந்தக் கைய எடுக்க, சுடுதண்ணி ஊத்த வேண்டி வந்திச்சி."