மாட்டோடு சேர்ந்து மென்றவர்

உங்கள் கணவருக்கு என்ன வேலை என்று யார் கேட்டாலும், "மாட்டு ஏப்பத்தை அளக்கிறார்" என்பேன். கேட்டவர் முகம் போகிற போக்கைப் பார்க்க எனக்குப் பிடிக்கும். அவரோ பொறுமையாக விளக்குவார். அசைபோடுகிற மாடு விடும் ஏப்பத்தில் மீத்தேன் வருகிறது, அது பூமியைச் சூடாக்குகிறது, எந்தப் புல் தின்றால் எவ்வளவு வருகிறது என்று ஆராய்ச்சிப் பண்ணையில் அளக்கிறோம் என்பார்.

"பின்பக்கமா வராதா?" என்று என் தம்பி கேட்டான்.

"எல்லாரும் அங்கதான் போறீங்க மச்சான். பெரும்பாலும் வாய் வழியாத்தான்."

அவர் போய் ஐந்து மாதமாகிறது. இப்போது அந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை.

பண்ணையில் கண்ணாடி ஜன்னல் வைத்த, காற்றுப் புகாத அறை ஒன்று உண்டு. ஒரு மாட்டை நான்கு நாள் அதில் விட்டு, தின்ற தீவனத்தையும் வெளியேறும் காற்றையும் அளப்பார்கள். தீவனத்தை நிறுத்துப் போட்டு, மிச்சத்தை நிறுத்துக் குறிப்பது அவர் வேலை. ஆனால் தனியாக விட்டால் மாடு சரியாகத் தின்னாது. ஒரு நாள் இவர் ஜன்னலருகே உட்கார்ந்து மதியச் சாப்பாட்டை மென்றுகொண்டிருக்க, பதினேழாம் எண் மாடு எட்டிப் பார்த்துவிட்டுத் தொட்டியில் வாய் வைத்தது. அன்றிலிருந்து அவர் அங்கேதான் சாப்பிட்டார்.

இது எனக்குத் தெரியாது. திடீரென்று இரண்டு டப்பா கேட்டார். ஒரு வாரம் குழைந்த சோறே போதும் என்பார், இன்னொரு வாரம் "மெல்றதுக்கு நேரமாகிற மாதிரி ஏதாவது வை" என்பார். பச்சைக் கேரட், காய்ந்த ரொட்டி, வறுத்த கடலை என்று கட்டிக் கொடுத்தேன்.

"ரெண்டாவது டப்பா யாருக்குங்க?"

"எனக்குத்தான். மகாராணிகூட உட்கார்ந்து சாப்பிடுறேன்."

மகாராணி என்பது பதினேழின் செல்லப் பெயர் என்று தெரிய மூன்று நாளாயிற்று. அந்த மூன்று நாளும் நான் அவரிடம் பேசவில்லை.

பிறகு சொன்னார். ஒரே புல்லை மூன்று பருவத்தில் அறுக்கிறார்கள்: இளசு, கதிர் தள்ளும்போது, முற்றிய பிறகு. இளம்புல்லை மாடு சட்டென்று தின்றுவிடும். முற்றியது வெறும் நார், மணிக்கணக்கில் மெல்லும். "நான் முதல்ல டப்பாவை மூடினா அவளும் நிறுத்திடுறா. அவ எவ்வளவு நேரமோ, நானும் அவ்வளவு நேரம்."

மகாராணி இளசையும் கதிரையும் முடித்து முற்றலுக்கு வந்தாள். முதல் நாளே வறுத்த கடலையைக் கடித்து இவருடைய கடைவாய்ப் பல் பிளந்தது. பிடுங்கினார்கள். கன்னம் பன் மாதிரி வீங்கியது. மறுநாள் ஜன்னலருகே போய் உட்கார்ந்தார், ஆனால் வாய் அசையவில்லை. மகாராணி பாதித் தீவனத்தை அப்படியே விட்டுவிட்டாள்.

முனைவர் பட்டத்துக்காக இந்தப் புல் ஆராய்ச்சியைச் செய்கிற பெண் வீட்டுக்கே வந்துவிட்டாள். "அண்ணா, இன்னிக்கும் மிச்சம் வெச்சா பதினேழோட மூணு அளவையும் தூக்கிப் போடணும். வேற மாட்டுக்கு இனிமே நேரமில்ல. என் மூணு வருஷம் போயிடும்." அழவில்லை, ஆனால் அழுகையின் விளிம்பில்தான் இருந்தாள்.

அவர் பஞ்சு வைத்த வாயோடு என்னைப் பார்த்தார். "நீ வா."

"நான் வந்து?"

"கேரட் தின்னு."

போனேன். ஜன்னல் முன்னால் அரை கிலோ கேரட்டோடு உட்கார்ந்தேன். மகாராணி ஒரு பார்வை பார்த்துவிட்டு முதுகைக் காட்டினாள். நான் ஒரு கேரட்டை முடித்துவிட்டு அடுத்ததை எடுத்தேன். அவள் திரும்பவில்லை. அந்தப் பெண் வெளியே திரையில், அறைக்குள் இருந்த கேமரா காட்டிய படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் எப்போதும் நின்றபடி, அடுப்பைத் துடைத்தபடி, நாலு வாயில் சாப்பிட்டு முடிக்கிறவள். "யார் துரத்துறா உன்னை?" என்று இருபத்திரண்டு வருஷமாகக் கேட்டார். அன்று அதிகம் பேச முடியாததால் என் முன்னால் குந்தி, தன் தாடையைத் தொட்டு, வலியோடு வட்டமாக அசைத்துக் காட்டினார். இப்படி. மெதுவாக.

மென்றேன். தாடை வலித்தது. கேரட் இனிப்பு என்று அன்றுதான் தெரிந்தது. மூன்றாவது கேரட்டின் நடுவில் பெரிய ஈர மூக்கு ஒன்று கண்ணாடியில் வந்து பதிந்தது. பிறகு அது கீழே இறங்கி, தொட்டிக்குள் போனது. நாங்கள் இரண்டு பேரும் பொழுது சாயும்வரை மென்றோம். மறுநாள், கடைசி நாளன்றும் போனேன்.

ஒரு கிலோ தீவனத்துக்கு முற்றிய புல்தான் அதிக வாயு தந்தது. அந்தப் பெண் எதிர்பார்த்ததும் அதுதான். புல் முற்றுமுன் அறுக்க வேண்டும் என்று எழுதிப் பட்டம் வாங்கினாள். புத்தகத்தை எங்களுக்கும் கொடுத்தாள், அலமாரியில் இருக்கிறது.

அதைவிட எனக்கு அவருடைய பழைய குறிப்பேடுதான் பிடிக்கும். இப்போது உட்கார்ந்து, மென்றுதான் சாப்பிடுகிறேன். சில நாள் அந்தக் கடைசி நாள் பக்கத்தைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொள்வேன். அவர் கையெழுத்து:

"எண் 17. முற்றல். போட்டது எல்லாம் தின்றது, மிச்சம் இல்லை. என் மனைவி: கேரட் அரை கிலோ, மிச்சம் ஒன்று. ஏப்பம் இரண்டு. அளக்கவில்லை."