புள்ளிக்கோழியின் ஒரே முட்டை

விடியற்காலையில் கவிழ்த்த கூடையைத் தூக்கியதும் முகத்தில் மோதும் அந்த வெதுவெதுப்பான கோழிவாடை... ஐம்பது ஆண்டுகள் ஆகப்போகின்றன, இன்னும் நாசியை விட்டு அகலவில்லை.

எழுபதுகளின் பிற்பகுதி. உத்திரமேரூரிலிருந்து சாலவாக்கம் போகும் வழியில் எங்கள் ஊர். எனக்குப் பன்னிரண்டு வயது. பள்ளிப்படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றிருந்தது. ஆயினும் வீட்டில் எனக்கென்று ஒரு பதவி இருந்தது. காலையில் ஒவ்வொரு கோழியாகப் பிடித்து, பின்புறம் விரலால் தடவிப் பார்த்து, இன்று முட்டையிடுமா இடாதா என்று சொல்ல வேண்டும். உள்ளே கெட்டியாகத் தட்டுப்பட்டால் அன்றைக்கு முட்டை நிச்சயம்.

"எம் பொண்ணு வெரலு பொய் சொல்லாது" என்று அம்மா எல்லோரிடமும் சொல்வார். அதைக் கேட்பதற்காகவே நான் விடியுமுன் எழுந்துவிடுவேன்.

எங்கள் மாட்டுக்கொட்டகையைப் பெருக்கிச் சாணி அள்ளக் காலனியிலிருந்து எஸ்தர் அக்கா வருவார். இன்று அக்கா என்று எழுதுகிறேன். அன்று, என்னைவிட இருபது வயது மூத்தவரை, வீட்டுப் பெரியவர்களைப் போலவே நானும் பெயர் சொல்லித்தான் அழைத்தேன். அவர் அதைப் பொருட்படுத்தியதாகக் காட்டிக்கொண்டதில்லை.

"இன்னா டாக்டரம்மா, இன்னிக்கி எத்தினி?" என்று சிரித்தபடியேதான் துடைப்பத்தை எடுப்பார்.

அந்த மாசி மாதம் அடைவைப்பதற்காக அம்மா முட்டை சேர்த்துக்கொண்டிருந்தார். புள்ளிக்கோழியின் முட்டைதான் வேண்டும் என்பது அவர் பிடிவாதம். அதன் குஞ்சுகள் அத்தனை திடமாக வளரும்.

முதல் நாள் புள்ளிக்கோழியைத் தடவிப் பார்த்து, "முட்டை கீதும்மா" என்றேன். மாலைவரை முட்டையைக் காணோம். எங்காவது வைக்கோல் போரில் இட்டிருக்கும் என்று தேடினோம். இல்லை.

இரண்டாம் நாளும் விரலில் முட்டை தட்டுப்பட்டது. இம்முறை அம்மா விடவில்லை. கொட்டகை மூலையில், வைக்கோல் பரப்பிய உடைந்த பானையருகே கோழியை விட்டுக் கூடையைக் கவிழ்த்தார். மாலையில் தூக்கிப் பார்த்தால் வெறும் பானை.

கொட்டகைக்குள் அன்று போய்வந்தவர் ஒரே ஒருவர்.

மூன்றாம் நாள் காலையிலும் என் விரல் அதையே சொன்னது. மாலையில் கூடையைத் தூக்கினால் அன்றும் வெறும் பானைதான். அம்மா கேட்டார்:

"நல்லா பாத்தியாடி? மூணு நாளும் இருந்திச்சா?"

"இருந்திச்சிம்மா. மூணு முட்டை."

எத்தனை உறுதியாகச் சொன்னேன்... நினைத்தால் இன்றும் உடல் கூசுகிறது.

அம்மா கூச்சல் போடவில்லை. சாணிக்கூடையோடு வந்த எஸ்தர் அக்காவிடம், "கூடைய தூக்கினியா எஸ்தரு?" என்று மட்டும் கேட்டார்.

"இல்லம்மா. நான் இன்னாத்துக்குத் தூக்கப்போறேன்? ஆனா அந்தக் கோழிக்கி ஒடம்பு சரியில்லம்மா. நேத்தே கூடை ஓட்டைல பாத்தேன். வால தொங்கப்போட்டுக்கினு குந்திக்கினு கீது. முட்ட மாட்டிக்கினு கீதுன்னு நெனைக்கிறேன்."

"மூணு நாளா மூணு முட்ட எங்க போச்சின்னு கேட்டா, நீ கோழிக்கி வைத்தியம் சொல்றியா?"

எஸ்தர் அக்கா என்னைப் பார்த்தார். என் விரல் தவறியிருக்கக்கூடும் என்று ஒரு வார்த்தை... என் பெருமை அதற்கு இடம் கொடுக்கவில்லை.

"நாளைலருந்து வர வேணாம்" என்றார் அம்மா.

நான்காம் நாள் கோழியால் எழுந்து நிற்க முடியவில்லை. வாயைத் திறந்து திறந்து மூச்சு வாங்கியது. இனித் தேறாது என்று அம்மா அறுத்தார். வயிற்றைப் பிளந்தபோது நான் அருகில் அமர்ந்திருந்தேன்.

வழக்கத்தைவிடப் பெரிதாக, ஓடு மணல் ஒட்டியதுபோலச் சொரசொரப்பாக, ஒரு முட்டை.

ஒன்றே ஒன்று. மூன்று நாளும் நான் எண்ணியது அதைத்தான்.

அம்மா வெகுநேரம் கை கழுவினார். பிறகு என் முகம் பாராமல் சொன்னார்:

"போயி எஸ்தர இட்டுக்கினு வா. கோழி செத்துப்போச்சின்னு மட்டும் சொல்லு."

எஸ்தர் அக்கா தம் வாசலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். சொல்லச் சொன்னதைச் சொன்னேன்.

"உள்ள முட்ட இருந்திச்சா பாப்பா?"

"இருந்திச்சி."

"எத்தினி?"

"ஒண்ணுதான்."

அவர் கை கீரையிலேயே நின்றது. "வெளக்கெண்ண தடவி, வெதுவெதுன்னு தண்ணியில கொஞ்ச நேரம் குந்தவச்சிருந்தா வந்திருக்கும்... பாவம், மூணு நாளா முக்கிக்கினே இருந்திருக்கும்."

அவ்வளவுதான். தம்மைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

மறுநாள் வேலைக்கு வந்தார். முடித்துப் புறப்படும்போது கொட்டகை வாசலில் நின்று, முந்தானையைப் பிரித்து, அம்மா பார்க்க ஒருமுறை உதறிவிட்டுப் போனார்.

"இன்னாத்துக்குடி அதெல்லாம்?" என்றார் அம்மா.

"இருக்கட்டும்மா."

நான் திருமணமாகி வாலாஜாபாத் வரும் நாள் வரை, ஒரு நாள்கூடத் தவறாமல் அவர் உதறினார். "டாக்டரம்மா" என்று என்னை மீண்டும் அழைக்கவேயில்லை.

இன்று மாடியில் நான்கு கோழிகள் வளர்க்கிறேன். முட்டை அடைப்பு, சுண்ணாம்புச் சத்துக் குறைவு, ஓடு பிடிக்காத தோல்முட்டை... எல்லாம் நானே தேடிப் படித்து அறிந்துகொண்டவை. அதில் எனக்குப் பெருமை உண்டு, மறைக்கவில்லை. சென்ற வாரம் ஒரு கோழி வாலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தது. எண்ணெய் தடவி, வெதுவெதுப்பான நீரில் உட்காரவைத்தேன். சற்று நேரத்தில் முட்டை என் உள்ளங்கையில் விழுந்தது.

படித்ததையெல்லாம் எனக்கு முன்பே சொன்னவர் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். அன்று அவர் கேட்ட இரண்டு கேள்விகளுக்கும் உண்மையைத்தான் சொன்னேன்.

அவர் கேட்காத ஒன்றும் இருந்தது, என் விரல் செய்த பிழை. அதைச் சொல்லாமலேயே திரும்பி நடந்துவிட்டேன்... எஸ்தர் அக்கா.